பன்னிரண்டு நிமிடம்

ஸ்மார்ட் சிக்னல்கள் வந்தால் வட்டாரம் முழுக்க எவ்வளவு பயண நேரம் மிச்சமாகும் என்று கணினியில் கணக்குப் போட்ட இன்ஜினீயருக்கு ஒரு புதிர். கடைசி நிறுத்தத்தில் பேருந்து ஏன் பன்னிரண்டு நிமிடம் சும்மா நிற்கிறது? கணக்கிலிருந்து அதை வெட்டிவிட்டார். ஆனாலும் காரணம் மனதைக் குடைந்தது; நேரிலேயே போய்ப் பார்த்தார்.

பெஞ்சில் ஒரு பெண் அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, இனிமே இங்க காத்திருக்கவே வேணாம். வந்ததும் பஸ் கிளம்பிடும்!"

"ஐயையோ! அப்ப நான் எப்ப சாப்பிடறது?"

"இதென்ன பெரிய விஷயம்? பஸ்ல உக்காந்தே சாப்பிடுங்க."

"நல்லாச் சொன்னீங்க போங்க! ஸ்டீயரிங்க யாரு பிடிப்பா? நீங்களா?"

அந்தப் பெண் கையைக் கழுவிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார்.

இன்ஜினீயருக்குச் சுருக்கென்றது. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, வெட்டிய நிமிடங்களைத் திரும்பப் போட்டார்.