அமைதிச் சிகிச்சை

“மறுபடியும் கேக்கறேன் தம்பி, அமைதிச் சிகிச்சைன்னா என்ன?”

செல்லப்பிராணி மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் இருந்தவனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. அவனே கண்டுபிடித்த வார்த்தை அது. ‘மலடாக்கல்’ என்றால் வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள், ‘கர்ப்பப்பை நீக்கம்’ என்றால் கண் கலங்குகிறார்கள் என்று டாக்டர் அலுத்துக்கொண்டபோது, மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு பிடித்தது. அன்றிலிருந்து டாக்டருக்கு அவன் ‘புலவர்’. பழைய வார்த்தைகளை இனி யாரும் வாயில் எடுக்கக் கூடாது என்றும் உத்தரவு.

கேள்வி கேட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்த தையற்கார அம்மாளோ விடாக்கண்டி. மடியில், பழைய போர்வைக்குள், ஒரு தெருநாய்.

“ஒண்ணுமில்லம்மா, சின்ன விஷயம். இங்க கையெழுத்துப் போடுங்க.”

“உள்ள என்னத்தை எடுப்பீங்க?”

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா? ரெண்டே நாள்ல துள்ளிக்கிட்டு ஓடும்.”

“இனிமே குட்டி போடுமா, போடாதா?”

“போடாது,” என்றான் மெல்ல.

“அப்ப அதை எழுதுங்க. கர்ப்பப்பையை எடுக்கறோம், இனிமே குட்டி பிறக்காதுன்னு. எழுதினாத்தான் கையெழுத்து.”

புலவர் உள்ளே எட்டிப் பார்த்தான். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். இவன் படிவத்தில் அச்சடித்திருந்த வார்த்தையை அடித்துவிட்டு அவசரமாக எழுதினான்.

“எழுதியாச்சு. போதுமா?”

“போதாது. அதுக்கிட்டச் சொல்லுங்க.”

“யாருக்கிட்ட?”

“இதுக்கிட்டத்தான். போன தடவை ஆறு குட்டி. ஆறும் வண்டியில அடிபட்டுப் போச்சு. பாக்க முடியாம இதை நானாத்தான் தூக்கிட்டு வந்துட்டேன். ஆனா உடம்பு அதோடது. சொல்லிட்டுச் செய்யுங்க.”

காத்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அதுவும் சரின்னு வாலை ஆட்டினாத்தான் ஆபரேஷனா?” என்றார் பூனைக்கூடைக்காரர்.

புலவருக்குக் காது சூடேறியது. “ஏம்மா இப்படி மானத்தை வாங்கறீங்க? நாசூக்கா ஒரு வார்த்தை சொன்னா உங்களுக்கு ஏறவே ஏறாதா?”

அந்த அம்மாள் பேனாவை எடுத்தாள். எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி, கடைசிவரை படித்தாள். பிறகுதான் கையெழுத்துப் போட்டாள்.

“கல்யாணமான வருஷம் எனக்கும் ஆஸ்பத்திரியில நாசூக்காத்தான் சொன்னாங்க தம்பி. ‘வயித்துவலிக்குச் சின்ன வைத்தியம், ஒரு கையெழுத்துப் போடு’ன்னாங்க. கருக்குழாயை அறுத்துட்டாங்கன்னு தெரியாமலே பதினோரு வருஷம், இந்த மாசமாவது நாள் தள்ளிப்போகாதான்னு எண்ணிக்கிட்டே இருந்தேன்.”