கட்சி சாராதவர்

நேர்காணல் கடிதம் வந்த அன்றே சௌந்தரபாண்டி முகநூலைத் துடைத்துவிட்டான். மூன்று தேர்தலில் ஓட்டுக் கேட்டு அவன் ஏறாத படி பேகம்பூரில் கிடையாது. அந்தப் பிரசாரப் படங்களெல்லாம் போயின. கட்சிக்கரை வேட்டியை மச்சினன் தலையில் கட்டினான். முனைவர் பட்டம் வாங்கி, முப்பத்தெட்டு வயதில் கிடைத்த முதல் விரிவுரையாளர் நேர்காணல், பாவம்.

கல்லூரித் தாளாளர் சான்றிதழ்களை மேலாகப் புரட்டினார்.

“கட்சி கிட்சி உண்டா அப்பு?”

“அந்தப் பக்கமே போனதில்லங்கய்யா.”

“மேடையில பேசுனது?”

“ரொம்பக் கூச்சமுங்கய்யா.”

“வீடு வீடாப் போயி ஓட்டுக் கேட்டது?”

“எங்க வீட்டு ஓட்டே எனக்குத் தெரியாதுங்கய்யா.”

தாளாளர் சான்றிதழ்க் கோப்பை மூடி நீட்டினார்.

“பாடம் நடத்த ஆளிருக்கு அப்பு. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வீடு வீடா ஏறி, நம்ம காலேஜுக்குப் புள்ளைகளைப் பேசிச் சேக்கத்தான் ஆளில்ல. அதுக்குத்தான் கட்சியில அடிபட்ட ஆளாத் தேடுறேன்.”