கழுதைக்கு ஒரு பாராட்டு விழா

ஆற்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில், மழையில் சரிந்து விழுந்த பாறாங்கல் ஒன்று குறுக்கே கிடந்தது. அழுக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு கழுதை தினமும் அதன்மேல் ஏறி இறங்கியது. ஏறி இறங்கியே முன்னங்கால் முட்டி வீங்கிவிட்டது.

இது காக்கையின் கண்ணில் பட்டது. அது சும்மா இருக்குமா? "தடையைத் தாண்டியவருக்குப் பாராட்டு விழா" என்று ஊரெல்லாம் கரைந்து கூட்டம் சேர்த்துவிட்டது. வேறு இடம் கிடைக்காததால் அந்தக் கல்லே மேடையாயிற்று. முதுகு மூட்டையை இறக்கக்கூட விடாமல் கழுதையை அதன்மேல் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆடு மட்டும் அரை மணி நேரம் பேசியது.

கடைசியில், "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றது காக்கை.

கழுதை மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னது: "இத்தனை பேர் வந்திருக்கீங்க. எல்லாரும் சேர்ந்து தள்ளினா இந்தக் கல்லை ஓரமா உருட்டிடலாம். என்னால முடியலைங்க."

"முடியலைன்னு சொல்றாரே, என்ன ஒரு தன்னடக்கம்!" என்று ஆடு கண்ணைத் துடைத்துக்கொண்டது. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

மறுநாள் காலை கழுதை வந்தபோது கல்லுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். நடுவில் நீல எழுத்தில் கழுதையின் பெயர் இருந்தது.

"உங்க பேரை எழுதிட்டோம்" என்றது காக்கை, பூரித்துப்போய். "இனிமே இந்தக் கல்லை யாரும் அசைக்க முடியாது!"

கழுதை வீங்கிய காலைத் தூக்கித் தன் பெயரின்மேல் வைத்து ஏறத் தொடங்கியது.