பலாமரத்தடியில் ஒரு வெள்ளை இடம்

மனைவியின் தலை அவர் தோளில் சாய்ந்தது.

"கொஞ்சம் நேரா உட்காரும்மா" என்று சொல்லத்தான் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

பிரஷ் எட்டடி தள்ளி இருந்தது.

படத்தை ஆறு மணிக்குள் டவுன் ஹால் கண்காட்சியில் கொடுத்தாக வேண்டும். முப்பத்துநாலு வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவர். அவர் வரைந்த ஒன்றுகூட எந்தச் சுவரிலும் தொங்கியதில்லை, சொந்த வீடு உட்பட.

ஆசையைக் கிளப்பியது பழைய காலண்டரில் இருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் வரைந்த படம். ஏதோ தீவு. மஞ்சள் மண், நீல மரம். அடியில் இரண்டு பெண்கள், ஒரு வேலையும் இல்லாமல்.

அதேபோல் நம் வீட்டுப் பெண்களை, நம் பலாமரத்தடியில்.

ஒருத்தி முடிந்தாயிற்று. அவர் தங்கை பொற்கொடி நேற்றே வந்து, பாயில் காலை நீட்டி, சாப்பாட்டு நேரம் வரை அசையாமல் இருந்துவிட்டுப் போனாள். சும்மா இருப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

மனைவிதான் மசியவில்லை. சும்மா எப்படி உட்காருவது என்றாள். கடைசியில் ஒரு முறம் முருங்கைக்கீரையோடு வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிரசவத்துக்குத் துணையாக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள்.

அசைந்தால் விழித்துவிடுவாள். விழித்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கைக்கு எட்டியது முறம் ஒன்றுதான்.

கீரையை ஆயத் தொடங்கினார்.

டவுனுக்குப் போகும் நாலரை பஸ் போனது. ஐந்தேகால் பஸ்ஸும் போனது. தோள் மரத்துப்போயிற்று.

அவள் கண் விழித்தபோது வெயில் மதில்மேல் ஏறியிருந்தது.

படத்தில் பொற்கொடி மட்டும் இருந்தாள். பக்கத்தில் வெள்ளையாக ஓர் இடம்.

"என்னை எழுப்பக் கூடாதா?"

"எழுப்பினா எந்திரிச்சிருவியே."

அவளுக்குக் கோபம் வந்தது. முறத்தைப் பார்த்தாள். இலையைவிடக் காம்புதான் அதிகம். மாடுகூடத் தின்ன யோசிக்கும். வேறு யார் செய்திருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

முறத்தைத் தள்ளி வைத்தாள். பாயில் பொற்கொடி இருந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். வெறுங்கைகளை மடியில் போட்டுக்கொண்டாள். அவை என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன.

"இப்ப வரைங்க."

"குடுக்கிற நேரம் போயிருச்சும்மா."

"நம்ம வீட்டுச் சுவத்துக்கு ஏது நேரம்?"

அவர் பிரஷ்ஷை எடுத்தார்.

அடுப்படியில் பூனை ஏதோ பாத்திரத்தை உருட்டியது.

அவள் எழுந்திருக்கவில்லை.