காதலில் ஒற்று மிகுமா?

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கணவன் மனைவிக்கு அனுப்பும் குறுஞ்செய்தியில் 'தாங்கள்' வராது என்னும் மாபெரும் உண்மை, இன்று மதியம் ஓர் அலுவலகத்தின் தலைமை எழுத்தரால் கண்டறியப்பட்டது.

கண்டறிய வைத்தவள், இணையத்தில் 'உப்புமூட்டை' என்ற பெயரில் உலவும் ஒரு வாசகி.

தலைமை எழுத்தர் அலுவலகத்தில் சுற்றறிக்கை எழுதுவார். ஓய்ந்த நேரத்தில், தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் நாயகன் நாயகியை வைத்து ரசிகர் கதை எழுதி இணையத்தில் போடுவார். இரண்டுக்கும் ஒரே கை, ஒரே நடை.

நேற்றைய அத்தியாயத்தில் கோபித்துக்கொண்டு போன நாயகிக்கு நாயகன் செய்தி அனுப்பினான்: "தாங்கள் உடனடியாக இல்லம் திரும்புமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்."

அதற்குக் கீழே உப்புமூட்டை எழுதியிருந்தாள்: "இவன் பொண்டாட்டிய கூப்பிடுறானா, டெண்டர் விடுறானா?"

ஊரே சிரித்திருந்தது.

அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்கப் போய், குடிக்காமலே திரும்பினார்.

"என்ன சார், நாற்காலில முள்ளு கிள்ளு இருக்கா?" என்றார் எதிர் மேசைக் கணக்கர்.

முள் நாற்காலியில் இல்லை. மனைவி அவளுடைய அக்கா வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிறது.

போவதற்கு முன் அவளும் ஒரு குறுஞ்செய்திதான் அனுப்பினாள். "உங்களோட பேச பிடிக்கல".

இவர் மறு நிமிடமே பதில் போட்டார். "பேசப் பிடிக்கல. அங்கே ப் மிகும்."

ப் மிகுந்தது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அன்றிலிருந்து 'வந்துவிடு' என்ற சொல் தொண்டை வரை வரும். தலைமை எழுத்தர் என்னும் பதவி அதைப் பிடித்து உள்ளே தள்ளிவிடும்.

இன்று வழி கிடைத்துவிட்டது. ஆராய்ச்சி! தத்ரூபமான செய்தி எப்படி இருக்கும் என்று ஒரு நிஜ மனைவிக்கு அனுப்பிப் பார்ப்பதில் என்ன மானக்கேடு? எல்லாம் இலக்கியத்துக்காகத்தானே.

நாயகனுக்காக, நாயகனுக்காக என்று முணுமுணுத்துக்கொண்டே தட்டினார்.

"வந்துடேன்
நீ இல்லாம வீட்ல பேச்சே இல்ல
தப்பு என்மேலதான்"

கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார்.

நீலக்குறி விழுந்தது.

'டைப்பிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. மறுபடி நின்றது. கணக்கர் நீட்டிய கோப்பில், தேதி போட வேண்டிய இடத்தில் கையெழுத்தைப் போட்டார்.

பதில் வந்தது.

"நிஜமாவா? இல்ல உங்க கதைக்கா?"

"நிஜமாத்தான்" என்று தட்டினார். அழித்தார். "நிஜமாகவே" என்று தட்டினார். அதையும் அழித்தார்.

அக்கா வீடு என்றால் அங்கே சகலை இருப்பார். சகலை போனை வாங்கிச் சத்தமாகப் படிப்பார். படித்துவிட்டு, "பாரு, நம்ம புலவர் மண்டியிட்டுட்டார்" என்பார். அந்தச் சிரிப்பு இங்கேயே கேட்டது. காது சுட்டது.

"கதைக்குத்தான்" என்று அனுப்பினார்.

மறுபடியும் 'டைப்பிங்'. இந்த முறை நெடுநேரம். அவர் போனை மேசையில் வைத்தார், எடுத்தார், கவிழ்த்து வைத்தார், நிமிர்த்தினார். இவ்வளவு நேரம் எழுதுகிறாள் என்றால், பக்கம் பக்கமாகத் திட்டு வரும் என்று எதிர்பார்த்தார். திட்டினால்கூடப் போதும், பிடித்துக்கொண்டு பேச்சை ஆரம்பித்துவிடலாம்.

வந்தது ஒரே வரி.

"நல்லா இருக்கு அப்படியே போடுங்க"

அப்படியே போட்டார். அத்தியாயம் மாலையில் வெளியானது. உப்புமூட்டைகூட அழுதுவிட்டதாக எழுதினாள். நாயகி அன்றே வீடு திரும்பினாள்.

மனைவி வரவில்லை.