பொன்னிறப் போர்வை

நிழலே விழாத வெள்ளை வெளிச்சத்தில், கூடத்தின் நடுவே செயற்கைக்கோள் நிற்கிறது. இந்த நாட்டில் முழுக்க முழுக்கச் செய்த முதல் செயற்கைக்கோள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை அங்கியும் முகமூடியுமாய், கண் மட்டும் தெரிய, தையற்காரி அதன் முன் மண்டியிட்டிருக்கிறாள். விண்வெளியின் குளிரும் வெயிலும் தாக்காமல் அதைப் போர்த்தும் பொன்னிறப் போர்வையின் கடைசி ஓரத்தில் ஊசி ஏறி இறங்க, மெல்லிய தகடு சருகுபோல் சரசரக்கிறது. அதன் ஒவ்வொரு சுருக்கத்திலும் அவள் கண்கள் துண்டு துண்டாக மின்னுகின்றன. முடிச்சுப் போட்டவள், கடையில் துணி தைத்த காலத்துப் பழக்கத்தில், நூலைப் பல்லால் கடிக்கக் குனிகிறாள். முகமூடி இருப்பதே மறந்துபோயிற்று.

"அக்கா, பல்லு!" என்று பக்கத்தில் நிற்கும் பொறியாளர் பெண் பதறுகிறாள். முகமூடி உரசினாலே தகட்டில் கீறல் விழும். மாதக்கணக்கான வேலை பாழாகும். மயிரிழை தூரத்தில் தையற்காரி அப்படியே நின்றுவிடுகிறாள். பொறியாளர் பெருமூச்சோடு கத்தரிக்கோலை நீட்டுகிறாள். நூல் அறுபடுகிறது.

தையற்காரி எழுந்திருக்கவில்லை. அவள் தைத்துக் கொடுத்த துணியெல்லாம் ஒரு தடவையாவது திரும்பி வந்திருக்கிறது, இடுப்பில் பிடிக்கிறது, தோளில் தொங்குகிறது என்று. இது ஒன்றுதான் திரும்பியே வராது.

"மேல போனப்புறம், சரியா இருக்கா இல்லையான்னு யாரு வந்து சொல்லுவா?"

"அதுவே சொல்லும்க்கா. குளிருதுன்னா குளிருதுன்னு சொல்லும், சுடுதுன்னா சுடுதுன்னு சொல்லும். இங்க நமக்குத் தெரியும்."

ஊசி பிடித்த கை காற்றிலேயே நிற்கிறது. தையற்காரி செயற்கைக்கோளை அடியிலிருந்து உச்சிவரை ஒரு தரம் பார்க்கிறாள். பிறகு, இப்போதே பேச ஆரம்பித்துவிடுமோ என்பதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைச் சாய்க்கிறாள்.