செம்புத் தகடு

வெடிமருந்து கலக்கும் அறையின் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் அதில் இறங்கிவிடும்; இல்லாவிட்டால் கை படும் இடத்தில் பொறி தெறித்து மருந்து பற்றிக்கொள்ளும். அந்தப் பட்டாசு ஆலையில் இருபத்திரண்டு வருடங்களில் பேச்சியம்மாள் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. வீட்டு வாசல் நிலையைக்கூடத் தொட்டுவிட்டுத்தான் நுழைவாள். "இந்தப் பழக்கத்துக்குத்தாம்மா ஒனக்கு போர்மேன் வேலை" என்று முதலாளி இன்று காலை உத்தரவுக் காகிதத்தைக் கொடுத்தார். அதைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே வந்தவள், அறைக்குள் நாலெட்டு வைத்த பிறகுதான் நின்றாள். தகட்டைத் தொட்டோமா? வலது கையைப் பார்த்தாள். அதில் காகிதம் இருந்தது. நேற்றுத் தொட்டது நினைவில் இருந்தது. இன்று தொட்டதாகவும் அதே மாதிரிதான் நினைவு இருந்தது. எதிரே சல்லடைக்குக் கீழே வெள்ளி நிற மருந்து குவிந்து கிடந்தது. மூச்சுக்கூட விடாமல் பின்னால் ஓரடி வைத்தாள். அதற்குள் சல்லடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மருந்து சலித்துக்கொண்டிருந்த சொர்ணம் எழுந்து, குவியலுக்கு மேலாகவே எட்டிக் கையை நீட்டினாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"என்னக்கா, போர்மேன் ஆனதும் வெக்கமாக்கும்? கையக் குடுங்க!"